செப்டிக் மூடிக்கு முன்னால் என்ன செடி வைக்கலாம்?

தருமபுரியில் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டினால், செப்டிக் டேங்க் எங்கே வரும் என்பது நம் கையில் இருப்பதில்லை. வாஸ்துப்படி ஈசானி மூலையில் போர், சம்ப்பு. கன்னி மூலையில் பள்ளமே கூடாது. அக்கினி மூலை சமையலுக்கு. மிஞ்சுவது வாயு மூலை, அதாவது வடமேற்கு. தெரு வடக்கில் இருந்துவிட்டால் வாயு மூலை வீட்டின் முன்பக்கத்தில்தான் விழும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு சிமென்ட் மூடி, துருவேறிய கம்பி வளையம், சுவரோரம் மேலே ஏறும் பிவிசி குழாய் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். எங்கள் வீடும் அப்படித்தான். கோலம் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்.

செடி வைத்து மறைக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் இருக்கிறேன். ஆனால் எந்தச் செடி என்று முடிவெடுக்கும் முன் இந்த மூடி எதற்காக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு அழகை மட்டும் பார்ப்பவர்களின் வீட்டில் பின்னால் யாரோ ஒருவர் கஷ்டப்படுகிறார். பெரும்பாலும் அது வீட்டுக்காரராக இருப்பதில்லை.

பென்னாகரத்தில் எங்கள் சித்தப்பா வீட்டு வாசல் முழுக்க டைல்ஸ். பார்க்க மிக நன்றாக இருந்தது. வீடு கட்டி வெகு காலம் கழித்துக் கழிப்பறைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தபோது, மூடி எந்த டைல்ஸுக்குக் கீழே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டிய கொத்தனார் பெங்களூருக்குப் போய்விட்டார். கடப்பாரையால் தட்டித் தட்டி, சத்தம் மாறும் இடத்தைத் தேடி, உடைத்து, கடைசியில் ஒரு ஓரத்தில் மூடி கிடைத்தது. அதுவரை சேறு உறிஞ்ச வந்த லாரிக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். மூடி முழுசாகத் திறக்க வரவில்லை, பாதிதான் திறந்தது. ஹோஸ் அடிவரை போகவில்லை. அப்போது கூட வந்த பையன் ஒருவன், "நான் எறங்கிப் பாக்கறேன்" என்றான். சித்தி பதறிப்போய்த் தடுத்தார்.

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எல்லாரும் பதறுவார்கள். மேலே எண்ணெய்ப்பசையும் நுரையும் மிதக்கும் ஏடு, நடுவில் கலங்கல் தண்ணீர், அடியில் சேறு. காற்றில்லாமல் அது மக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அது கொஞ்சமாக இருக்கும்போதுதான். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். உள்ளே இறங்குபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்ததாக வருவது இதனால்தான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பணத்தை உயர்த்தலாம், உயிர் திரும்பி வராது.

எனவே மூடி எளிதில் திறக்க வேண்டும், முழுசாகத் திறக்க வேண்டும், ஹோஸை நேராக அடிவரை விட இடம் வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுக்கவேண்டிய தொட்டி இது. இந்தத் தேவைக்குக் குறுக்கே வராத செடி எதுவோ அதுதான் நல்ல செடி. பூ, நிறம், வாசம் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில், மூடியின் மேலே எதுவும் நடக்கூடாது. பலரும் அரையடி மண் கொட்டிப் புல் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி மூடி. அதன்மேல் அரையடி உயரத்துக்கு ஈரமண் என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ. அதை வாரிக் கொட்டிவிட்டுத்தான் திறக்க முடியும். பெரிய பூந்தொட்டிகளும் அப்படித்தான். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 25 கிலோ. நான்கு தொட்டி வைத்தால் அதே 100 கிலோ ஆகிவிடும்.

சுமையைவிட எனக்குப் பயம் தருவது மூடியின் அடிப்பக்கம். தொட்டிக்குள்ளிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூடியின் அடியில் வேர்த்திருக்கும் ஈரத்தில் கரையும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். மேலிருந்து பார்த்தால் மூடி புதுசு போலவே இருக்கும். அதன்மேல் பூந்தொட்டியை அடுக்கி, தண்ணீர் ஊற்ற ஒரு குழந்தையை அனுப்புவதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய வீடுகளில் மூடியாகப் போட்டிருப்பது கருங்கல் பலகை. அதை அமிலம் அரிக்காது. இப்போது வருவது இரண்டு அங்குல சிமென்ட் ஸ்லாப். லாரி வந்து திறக்கும்போது அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி தெரிந்தால் செடியைப் பற்றி யோசிக்கும் முன் மூடியை மாற்றுங்கள்.

மேலே வைக்காவிட்டால் சுற்றிலும் வைக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் நாலு பக்கமும் வேலி மாதிரி நட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. யார் கண்ணுக்கு மறைக்க வேண்டுமோ அவர் எங்கே நிற்பார் என்று பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் கேட் கிழக்கு ஓரம், மூடி மேற்கு ஓரம். கேட்டில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஐந்தடி உயரம். மூடியின் கடைசி விளிம்பு அவருக்கு 15 அடி தூரம். மூடிக்கு இரண்டடி முன்னால் ஒரு வரிசை செடி வைத்தால், அது ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்தாலே மூடி முழுக்க மறைந்துவிடும். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுயரப் புதர் எதற்கு? புதர் அடர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் உலவுகிற ஊர் இது. இருட்டில் வாசலுக்கு வருகிறவர்களுக்குத் தரை தெரிய வேண்டும்.

ஆகவே கிழக்குப் பக்கம் ஒரு வரிசை, வீட்டைப் பார்த்த தெற்குப் பக்கம் ஒரு வரிசை. மேற்கில் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. வடக்கில், தெருவை ஒட்டி, மூன்றடி சும்மா விட்டிருக்கிறோம். லாரி தெருவில் நிற்கும், ஹோஸ் சுவரைத் தாண்டி அந்த வழியாகத்தான் வரும். போன தடவை வந்த டிரைவர் அண்ணன், "அக்கா, செடி நல்லாத்தான் இருக்குது. இந்தப் பக்கம் மட்டும் எப்பவும் இப்படியே உட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்ட ஆலோசனைகளிலேயே பயனுள்ளது அதுதான்.

இனி, எந்தச் செடி?

எங்கள் வீட்டில் இதில் முதல் சொல் அத்தையுடையது. நான் செம்பருத்தி என்றேன். "ஏம்மா, இந்த எடத்துப் பூவ எந்தச் சாமிக்கு வெக்கறது? பூத்துட்டுச் சும்மா கொட்டிப் போகணுமா?" என்றார். நியாயம்தான். நந்தியாவட்டை, சாமந்தி, இட்லிப்பூ எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே போய்விட்டன. நித்தியகல்யாணி இந்த மண்ணுக்கு அருமையான செடி. போர்த் தண்ணீரின் உப்பைத் தாங்கும், மாதக்கணக்கில் பூக்கும், வேர் ஆழம் போகாது, ஆடு வாய் வைக்காது. ஆனால் அத்தைக்கு அது சுடுகாட்டு மல்லி. வாசலில் வைக்க ஒத்துக்கொள்ளவே மாட்டார். உங்கள் வீட்டில் அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அரளியைப் பலர் சொல்வார்கள். எங்கள் மாவட்டங்களில் பூவுக்காகப் பயிரே செய்கிறார்கள், நாற்பத்து நாலாம் நம்பர் நெடுஞ்சாலையின் நடுவிலும் இருக்கிறது, தண்ணீரே கேட்காது. ஆனாலும் இலை, தண்டு, வேர், பூ எல்லாமே விஷம். பொன்னரளிக் கொட்டை அதைவிட மோசம். தெருவில் சின்னக் குழந்தைகள் விளையாடுகிறார்கள், கேட் திறந்திருந்தால் கன்றுக்குட்டி உள்ளே வருகிறது. வீட்டு வாசலுக்கு இரண்டுமே வேண்டாம்.

ரோஜா, காகிதப்பூ வேண்டாம், முள். ஹோஸை இழுக்கும் கை கிழியும். எலுமிச்சைப்புல், கற்பூரவள்ளி, கீரை, மஞ்சள், சேம்பு எதுவும் இந்த இடத்தில் கூடாது. சளிக்கு என்று யாராவது ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிடுவார்கள். சேறு எடுக்கும்போது நாலு சொட்டாவது சிந்தும், மழையில் தொட்டி வழியும். அதில் இருக்கும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடிருக்கும்.

எங்கள் மண்ணில் இந்தக் கவனம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நாலடி தோண்டினால் மொரம்பு, அதற்குக் கீழே பாறை. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் இறங்க வேண்டிய உறிஞ்சுகுழி சீக்கிரம் உறிஞ்சாது. செப்டம்பர், அக்டோபர் மழையில் சுற்றிலும் சொதசொதவென்றிருக்கும். கீழே போகிற தண்ணீரும் மணலில் வடிகட்டுவது போல வடியாமல் பாறை வெடிப்பு வழியே ஓடும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் மனையின் நீளமே 12 மீட்டர்தான்! பக்கத்து வீட்டு போரும் அந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கும். இங்கே குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வருவது நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்கு மட்டுமல்லாமல் இதற்கும் ஒரு காப்பு. போர்த் தண்ணீரைச் செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

கடைசியில் நாங்கள் வைத்தது ஆடாதோடை. நர்சரியில் கேட்டால் அதிசயமாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் வேலியோரம் சும்மா கிடைக்கும் செடி அது. கட்டை விரல் தடிமனில் குச்சி வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். ஆடு மாடு தொடாது. வருடம் முழுக்கப் பச்சை. ஆளுயரம் போகக்கூடியதுதான், ஆனால் எத்தனை முறை கவ்வாத்து செய்தாலும் சலிக்காமல் தழைத்து வரும். அதனால் ஒன்றரை, இரண்டடியிலேயே நிறுத்தி வைக்க முடிகிறது. லாரி வந்த அன்று யாராவது மிதித்து ஒடித்தாலும் அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி, தொட்டிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. தெற்கு வரிசையில் நடுநடுவே அகாலிஃபா வைத்தோம். அந்தச் செம்பு நிற இலை இருந்தால் பூ இல்லாத குறை தெரியாது. குரோட்டன்ஸும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் சித்திரை மாதத்து மேற்கு வெயிலில் இலை கருகும்.

உறிஞ்சுகுழிப் பக்கம் வேறு கணக்கு. அங்கே ஈரம் இருக்கிறது, அதைக் குடிக்கிற செடி வேண்டும். கல்வாழைதான் அதற்கு. நம் கிராமத்து வீடுகளில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போய் விழும் இடத்தில் வைத்திருப்பார்களே, அதே செடி. கிழங்கு மேலாகவே படரும், அகல இலை, சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. கோடையில் ஓரம் காயும்போது வெட்டிவிட்டால் புதுக்குருத்து வந்துவிடும். வாழை வைப்பவர்கள் உண்டு. தார் மேலே காய்ப்பதால் சாப்பிடத் தோஷமில்லை. ஆனால் ஒன்று வைத்தால் பக்கக்கன்று விட்டு வழியை அடைத்துவிடும், ஆடிக்காற்றில் சாயும். சின்ன வாசலுக்கு அது சரிவராது.

மரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். வேர் நல்ல சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போகும் என்று சொல்வது சரியில்லை. மயிரிழை விரிசலிலும் குழாய் இணைப்பிலும் கசியும் ஈரத்தைத் தேடித்தான் வரும். உள்ளே நுழைந்த பிறகு பருக்கும், அப்போதுதான் சுவர் பிளக்கும். வேம்பு, புங்கன், நாவல், மூங்கில் இவற்றை மனைக்குள் அந்தப் பக்கமே நினைக்காதீர்கள். ஆல், அரசு, அத்திக் குடும்பம் எல்லாவற்றிலும் ஆபத்து. அவற்றை நாம் நடவே வேண்டாம், காக்கை எச்சத்தில் வந்து மூடி ஓரத்து வெடிப்பில் தானாகவே முளைக்கும். அரச முளையைப் பிடுங்க மனசு வராது பலருக்கும். எங்கள் அத்தையும் அப்படித்தான். நாலு இலை விட்டதும் வேரோடு மெல்ல எடுத்து, பையில் வளர்த்து, ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டுவிடுகிறோம். அரசுக்கும் அதுதானே நல்லது.

கொசுவுக்கு நொச்சி வையுங்கள் என்பார்கள். நொச்சி இலையைப் புகை போட்டால் கொசு விலகும், சும்மா நட்டு வைப்பதால் பெரிய பயன் இல்லை. அது சின்ன மரமாகவும் ஆகிவிடும். செப்டிக் டேங்கில் க்யூலெக்ஸ் கொசு பெருகுகிறது, சுவரோரம் மேலே ஏறும் காற்றுக் குழாயின் வாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. அந்த வாயில் நைலான் வலையை இறுக்கிக் கட்டினால் போதும். குழாயின் உச்சி வீட்டு மாடியைவிட இரண்டு மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். குழாயை மறைக்கச் சங்குப்பூ ஏற்றலாம், கனமில்லாத கொடி. தலைக்கு மேலே போனதும் கிள்ளிவிடுங்கள், வாயை மூட விடக்கூடாது.

நாற்றத்துக்காக மல்லியும் பவழமல்லியும் வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நாற்றம் வருகிறது என்றால் மூடி இடுக்கில் வாயு கசிகிறது, இல்லை குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சரி செய்ய வேண்டும். மூடி ஓரத்தைச் சிமென்ட் குறைத்த கலவையில் பூசினால் கசிவும் நிற்கும், அடுத்த தடவை உளியால் லேசாகத் தட்டினாலே விட்டும் போகும். கெட்டிக் கலவையில் பூசிவிட்டால் மூடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மூடியின்மேல் ஏதாவது வேண்டும் என்று மனசு கேட்டால் ஒரு வழி இருக்கிறது. கால்கள் மூடிக்கு வெளியே தரையில் ஊன்றுகிற மாதிரி ஒரு தாழ்வான இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் மூன்று அங்குல ஆழத் தட்டில் தென்னை நார்க்கழிவு கலந்து டேபிள் ரோஸ். வெயில் எவ்வளவு அடித்தாலும் பூக்கும், தட்டு கனக்காது, ஒரே ஆள் தூக்கி நகர்த்திவிடலாம். மூடிக்கு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டோம். எங்கள் வாசல் செம்மண், அதோடு சேர்ந்துவிட்டது. உண்மையில் பாதி வேலையை அந்தப் பெயின்ட்டே செய்துவிட்டது.

ஆவணி மாதத்தில், இரண்டு மழை விழுந்த பிறகு, குச்சிகளை நட்டோம். ஒரு கூடை மக்கிய சாணம் தவிர உரம் எதுவும் போடவில்லை. வேர் பிடிக்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அதுவும் செடியின் தூரில் மட்டும். மூடிப் பக்கம் பாய விட்டால் இடுக்கு வழியே தொட்டிக்குள் இறங்கும். கேட்டுக்குப் பக்கத்தில், மூடியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஓர் ஆவாரையும் வைத்திருக்கிறோம். அதன் பூவை மட்டும் போகிக்குக் காப்புக் கட்ட எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தை அனுமதித்திருக்கிறார்.

மீட்டர் பெட்டிக்குக் கீழே, சுவரில், மேற்குச் சுவரிலிருந்து மூடி எத்தனை அடி, வடக்குச் சுவரிலிருந்து எத்தனை அடி, கடைசியாக எந்த மாதம் சேறு எடுத்தது என்று பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் லாரியைக் கூப்பிட வேண்டி வந்தாலும் தேட வேண்டியிருக்காது. வெட்டுகிற ஆடாதோடைக் குச்சிகள் எப்போதும் மிஞ்சுகின்றன. எங்கள் தெருவில் வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கஷாயத்துக்கு அல்ல, நடுவதற்கு மட்டும்.